எழுபது டிகிரியில் ஒரு பாடப்புத்தகம்

மேற்பார்வையாளரின் பாடப்புத்தகம் எழுபது டிகிரிச் சூட்டில் வெந்துகொண்டிருந்தது. சலவை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குள் அது ஒரு சுற்றில் அட்டையைக் காட்டியது, அடுத்த சுற்றில் முதுகைக் காட்டியது. மூன்றாவது சுற்றில் காட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

"மெஷினை நிறுத்துப்பா" என்றார் அவர்.

"நடுவுல நிறுத்துனா கதவு திறக்காது சார். இன்னும் நாப்பது நிமிஷம் ஆகும்" என்றார் இயந்திரக்காரர்.

அந்த நாற்பது நிமிடத்துக்குள் மேற்பார்வையாளர் இந்தக் கதிக்கு வந்த கதையைச் சொல்லி முடித்துவிடலாம்.

மருத்துவமனைச் சலவைப் பிரிவுக்கு அவர் பதினைந்து வருடமாக மேற்பார்வையாளர். "நான் டிகிரி முடிச்ச காலத்துல" என்று ஆரம்பிக்காமல் அவர் யாருக்கும் ஒரு வேலைகூடச் சொன்னதில்லை. உண்மையில் அந்த டிகிரி முடியவே இல்லை. தொலைதூரக் கல்வியில் 'பணியாளர் மேலாண்மை' என்ற ஒரே ஒரு தாள் பாக்கி. இப்போது பிரிவுக்கு மேலாளர் பதவி ஒன்று வந்திருந்தது. மூன்று மாதத்தில் சான்றிதழைக் காட்டினால் அவர்தான் மேலாளர். காட்டாவிட்டால் பதவி போவதோடு, பதினைந்து வருடப் பொய்யும் வெள்ளாவி வைத்த துணிபோலப் பளிச்சென்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

பரணிலிருந்து பழைய புத்தகத்தை இறக்கினார். பாடத்திட்டம் மாறி நாலு வருடமாகிறது என்றார் புத்தகக் கடைக்காரர். புதிதாக வாங்கினார், தாளின் குறியீட்டில் ஓர் எண்ணைத் தப்பாக எழுதிக் கொடுத்ததில் முதுகலைப் புத்தகம் வந்து சேர்ந்தது. மூன்றாவது முறைதான் சரியான புத்தகம் கைக்கு வந்தது. அது கடையிலிருந்த கடைசிப் பிரதி.

டிகிரி முடித்தவர் அதை எல்லார் முன்னாலும் விரித்துப் படிக்க முடியுமா? கிழிந்த போர்வைக் குவியலுக்கு அடியில் ஒளித்து வைத்தார். ஐந்து வருடமாக யாரும் தொடாத குவியல் அது. "இதை எப்பத்தான் துவைப்பீங்க" என்று ஐந்து வருடமாகத் தினமும் திட்டிக்கொண்டிருந்தவரும் அவரேதான். அன்று காலை இயந்திரக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

கதவு திறந்தபோது அறுபது போர்வையிலும் காகிதக் கூழ் அப்பியிருந்தது. அப்போதாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எந்த நோயாளியின் புத்தகமோ என்று சத்தம் போட்டார். அதோடு விடாமல், இனிமேல் துணியை உதறிப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்று எல்லா வார்டுக்கும் சுற்றறிக்கை விட்டார். அடுத்த பத்து நிமிடத்தில் தலைமைச் செவிலியர் அந்தத் தாளோடு வந்து நின்றார்.

"அந்தப் போர்வையெல்லாம் அஞ்சு வருஷமா உங்ககிட்டதானே சார் கிடக்குது. எங்க நோயாளி எப்ப வந்து புத்தகம் வெச்சாரு?"

அறுபது போர்வையையும் பிரஷ் போட்டுத் தேய்க்கும் வேலை மேற்பார்வையாளர் தலையிலேயே விழுந்தது. கூப்பிடாமலே உதவிக்கு வந்தவர் மடிப்பு மேசை அக்கா ஒருவர்தான். அதிகம் பேசாதவர். ஒரு போர்வையில் ஒட்டியிருந்த அட்டைத் துண்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாடப்புத்தகம் மாதிரி இருக்கு சார்."

"யாரோ பாவம், படுத்த படுக்கையிலயும் படிச்சிருக்காங்க."

அக்கா தலையாட்டிவிட்டுத் துண்டைக் குப்பையில் போட்டார்.

மறுபதிப்பு தேர்வுக்குப் பிறகுதான் வரும் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். மேற்பார்வையாளருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மூன்றாம் நாள் கடையிலிருந்து போன் வந்தது.

"போன வருஷம் பாஸ் பண்ண ஒருத்தங்க புத்தகத்தைக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. ஓரமெல்லாம் பென்சில்ல எழுதியிருக்கு, பரவாயில்லையா?"

கிணற்றில் விழுந்தவன் கயிற்றில் முடிச்சு எத்தனை என்றா கேட்பான்? ஓடிப்போய் வாங்கினார்.

பாடத்தைவிடப் பென்சில் குறிப்புகள்தான் பிரமாதம். 'மேற்பார்வை' என்ற தலைப்புக்குப் பக்கத்தில், "உதாரணம், எங்கள் ஆள். மூன்று முறை எண்ணுவார், மூன்று முறையும் வேறு வேறு கணக்கு வரும்." 'ஊக்குவித்தல்' பாடத்தில், "ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு தடவை 'நல்லா இருக்கு' என்றார். அது டீயை." 'பணிச்சூழல்' பாடத்தில், "ஒரே ஃபேன், அதுவும் அவர் பக்கம். எங்கள் பக்கம் திருப்பினால் வேலை அரைமணி முன்னாலேயே முடியும். உலர்த்துவதற்கு அவர் தலையில் என்ன இருக்கிறது?"

அவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று மனைவியிடம் படித்துக் காட்டினார்.

"இருப்பாங்க" என்றாள் மனைவி.

வேலை செய்யும் இடத்தில் ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்று பல்கலைக்கழகம் கேட்டிருந்தது. அவர் ஃபேனை மடிப்பு மேசைப் பக்கம் திருப்பினார். நிஜமாகவே அரைமணி நேரம் மிச்சமானது. துணிச்சல் வந்து, "நல்லா மடிச்சிருக்கீங்க" என்றும் ஒரு நாள் சொல்லிப் பார்த்தார். மேசையிலிருந்த நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அன்று முழுக்க யார் முகத்திலும் கடுப்பு இல்லை. அது அவருக்கே பிடித்துப்போய்விட்டது. அறிக்கைக்கு எண்பத்தெட்டு மதிப்பெண், தேர்வில் அறுபத்தொன்று. சான்றிதழ் வந்தது, பதவியும் வந்தது.

மேலாளரான முதல் நாள் எல்லாரையும் கூப்பிட்டு, வெந்துபோன புத்தகம் தன்னுடையதுதான், டிகிரி இப்போதுதான் முடிந்தது என்று உடைத்துச் சொல்லிவிட்டார். மனசு லேசாகிவிட்டது. கையில் அந்தப் பென்சில் புத்தகம்.

"நான் கரையேறினது இதாலதான். எந்த மடையன்கிட்ட மாட்டிக்கிட்டுத் தவிக்கிறாங்களோ, இதை எழுதுனவங்க மட்டும் கிடைச்சா என்னோட பழைய வேலையைக் கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்துடுவேன்."

மடிப்பு மேசை அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து புத்தகத்தை வாங்கி, ஃபேன் பக்கத்தைச் சரியாகப் பிரித்தார்.

"அந்த அட்டைத் துண்டைப் பார்த்ததுமே உங்க புத்தகம்னு புரிஞ்சுபோச்சு சார். கடையில குடுக்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் அழிச்சுடலாம்னு ரப்பரை எடுத்தேன். அப்புறம், வாங்கப்போறது நீங்கதானே, இதையும் சேர்த்துப் படிக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."