அடுத்தவர் பேரில் ஜெயில்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே தன் பெயரைத் தவிர தெருவில் எல்லார் பெயரிலும் ஜெயிலுக்குப் போன ஒரே மனிதர் எங்கள் முறைக்காரர்தான். இதை எந்தக் கோர்ட்டிலும் நான் சொல்லத் தயார். அவரும் தயார்தான், யார் பெயரில் சொல்வார் என்பதுதான் தெரியாது.

அப்போது நான் திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு கருவூலத்தில் குமாஸ்தா. முறைக்காரர் என்று எல்லாரும் கூப்பிட்ட அவர் அங்கே தற்காலிகக் காவலாளி. அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்பதை டீ வாங்கிக் கொடுத்துத்தான் கறந்தேன். அறுப்புக் கூலிக்காக வயல்களில் கொடி பிடித்த காலத்தில், வாய்க்கால் தண்ணீருக்கு வைப்பதைப் போல ஜெயிலுக்கும் அவர் தெருவில் முறை வைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒருவர். முறை வந்தவருக்குக் காய்ச்சல், கல்யாணம் என்றால் இவர் போய்விடுவார். போலீஸ் பெயர் கேட்டால் அந்த ஆளின் பெயரைத்தான் சொல்வார். அடுத்தவன் முறையைத் தன் பெயரில் எழுதிக்கொள்வது திருட்டாம்.

"உங்க முறை வந்தப்ப என்ன பண்ணுனீங்க?"

"அப்ப நான் கோவிந்தன் பேர்ல உள்ள இருந்தேன் சார். எப்படி வர்றது?"

வேலை நிரந்தரமாகும் வேளை வந்தது. பணப்பெட்டி இருக்கிற இடம். போலீஸ் விசாரித்துச் சரி என்றால்தான் ஆர்டர். ஆர்டர் வந்தால்தான் கல்யாணம் என்று அவர் மகளைப் பெண் கேட்ட மாப்பிள்ளை வீட்டார் வேறு தைமாசம் வரை கெடு வைத்திருந்தார்கள்.

"பயப்படாதீங்க. உங்க பேர்ல ஒரு பெட்டிக் கேஸ்கூடக் கிடையாது" என்றேன். முகம் வாடிவிட்டது. அவ்வளவு களி தின்றவருக்கு அது அவமானம்தானே.

விசாரிக்க வந்த ஏட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னடா கோவிந்தா, இங்க என்ன பண்றே?"

அன்றைக்கு வயலில் பிடித்துக்கொண்டு போன அதே ஏட்டு. 'ஆளு தெரியலைன்னு சொல்லுங்க' என்று நான் கண்ணைக் காட்டினேன், இருமிக்கூடப் பார்த்தேன். மனிதர் திரும்பவே இல்லை.

"உள்ள போனது நாந்தான் ஏட்டய்யா. ஆனா நான் கோவிந்தன் இல்ல. அவன் சிங்கப்பூர் போக பாஸ்போர்ட் கேட்டிருக்கான். கேஸ் இருக்குன்னு நிறுத்தி வச்சிட்டாங்களாம். அவன் பேர எடுத்துட்டு எம்பேர எழுதிக்குங்க."

"எழுதுனா ஒன் வேலை போயிடும்யா."

"அன்னைக்கு அவன் புதுமாப்பிள்ளைன்னு ஒத்தாசை பண்ணப் போயி, இன்னைக்கு புள்ளகுட்டிக்காரன் வாயில மண்ணப் போட்டுட்டேனே. எழுதிக்குங்க."

ஏட்டு எழுதிக்கொண்டு போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பிழைக்கத் தெரியாத மனுஷனை என்னதான் செய்வது?

விவகாரம் மேலே ஏறி, தஞ்சாவூரில் ஒரு பெரிய அதிகாரி முன்னால் போய் நின்றது. நான் துணைக்குப் போயிருந்தேன். கூலிப் போராட்ட வழக்குகளை அரசாங்கம் அதற்குள் வாபஸ் வாங்கியிருந்தது, ஆள்மாறாட்டம்தான் இடித்தது.

"பொய்ப்பேர் சொன்ன ஆளை நம்பி கஜானாவை எப்படி விடறது?" என்றார் அதிகாரி.

"அடுத்தவன் ஜெயிலையே எம்பேர்ல எடுத்துக்கலீங்க. அடுத்தவன் பணத்தையா எடுப்பேன்?"

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். கோவிந்தனையும் கூப்பிட்டு விசாரித்தார். கடைசியில் இருவருக்கும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிவிட்டார். கோவிந்தன் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்.

ஆர்டர் மார்கழியிலேயே வந்துவிட்டது. நான்தான் வாசித்துக் காட்டினேன். பெயர் வந்த இடத்தில் முறைக்காரர் விரலை வைத்து நிறுத்தினார்.

"கவர்மெண்டு எம்பேரச் சொல்லிக் கூப்புடுறது இதான் சார் மொத தடவை."

அதற்கப்புறம் அவரை நான் பட்டப்பெயரில் கூப்பிட்டதில்லை. ஆர்டரில் இருந்த பெயரைத்தான் வாய் நிறையச் சொன்னேன். பிற்பாடு என் பேரனுக்கும் அதையே வைத்துவிட்டேன்.