பூனை ஆகாத வீட்டுக்காரர்

இந்தத் தடவை தன் பேச்சுதான் நிற்க வேண்டும் என்று ஐயாதுரை முடிவு கட்டிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எடுத்த முடிவுகளுக்குக் குறைச்சலே இல்லை. எடுப்பது அவர், முடித்து வைப்பது செல்லக்கனி. இதை மட்டும் எடுப்பதும் நானே, முடிப்பதும் நானே என்று, சட்டையின் மேல் பொத்தானைக்கூட விடாமல் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று சபதம் செய்தார்.

சபதம் இதுதான்: ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் பூனை வராது.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு கம்பெனியில் அவர் ஸ்டோர் கணக்கு. அந்த எண்பத்தேழாம் வருஷம் கம்பெனி ஸ்ரீவில்லிபுத்தூரில் சரக்கு அடுக்கி வைக்க ஒரு கிட்டங்கி பிடித்து, அவரையே அதற்கு சூப்பர்வைசராகப் போட்டுவிட்டது. ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் குடி மாறுவதாக ஏற்பாடு.

வீட்டில் பூனைகள் மூன்று. மகளைக் கட்டிக்கொடுத்து அவள் ஆலங்குளம் போய்ச் சேர்ந்த வருஷம், வீடு வெறிச்சென்று கிடந்தபோது ஒன்றாக வந்து மூன்றாகப் பெருகியவை. கடுவனுக்கு ஜமீன் என்று பெயர். பெட்டைக்குப் பட்டு. பட்டு போட்ட குட்டியில் மிஞ்சியது சில்லறை. பெயர் வைத்தது செல்லக்கனி. பெயருக்கு ஏற்றபடி நடந்துகொண்டது ஜமீன். ஐயாதுரையின் சாய்வு நாற்காலிக்கு அதுவே பட்டாதாரர் ஆகிவிட்டது. வேலை முடிந்து வந்த மனுஷன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்.

"தூங்குற உசுர எழுப்பாதீக."

"ஏட்டி, நானும் உசுருதான்!"

"நீங்க இன்னும் தூங்கலையே."

மீன் குழம்பு வைத்தால் அவருக்கு வால், வாலுள்ளவர்களுக்கு நடுத்துண்டு. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். வினை வந்தது வேறு வழியில். பார்வைக்காக வீட்டுக்குக் கொண்டுவந்த சாம்பிள் துணிக்கட்டின் மேல் பட்டு ஒரு குட்டித்தூக்கம் போட, ஆஸ்பத்திரிக்குப் போன பேண்டேஜ் ரோமத்தோடு திரும்பி வந்தது. "துணி நெய்யச் சொன்னா கம்பளி நெய்யுறீரோ?" என்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். புது ஊரில், புதுக் கிட்டங்கியில், இன்னொரு ரோமம் பறந்தால் சூப்பர்வைசர் உத்தியோகமும் சேர்ந்து பறந்துவிடும். ஐயாதுரைக்கு அந்தப் பயம் உண்மையாகவே இருந்தது.

ஆனால் பூனை வேண்டாம் என்று நேரே சொல்ல முடியாது. ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "சரி, நீங்க போயிட்டு வாங்க. நாங்க நாலு பேரும் இங்கனயே இருந்துக்கிடுதோம்" என்று பதில் வந்தது.

வழி தோன்றியது பஸ்ஸில். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குப் பின்னால் இருந்த தெருவில் தரகர் ஒரு வீட்டைத் திறந்து காட்டினார். சாவி தரகரிடம் இருந்தது. பேச்சும் தரகரோடுதான். சொந்தக்காரர் பின்கட்டில் குடியிருப்பதாகவும், வெளியூர் போயிருப்பதாகவும் சொன்னார். வீடு பிடித்திருந்தது, பேசி முடித்தார். திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்காரர் யாரோ என்னவோ என்று யோசித்தவருக்கு, அந்தச் சொல்லிலேயே பொறி தட்டியது.

வீட்டுக்காரர் என்ற சொல்லை எந்தப் புண்ணியவான் இரண்டு பேருக்கும் பொதுவாக வைத்தானோ தெரியாது. வீட்டுக்குச் சொந்தக்காரரும் வீட்டுக்காரர்தான். வீட்டில் இருக்கிறவளுக்குப் புருஷனும் வீட்டுக்காரர்தான். வீட்டுக்காரருக்குப் பூனை ஆகாது என்று சொன்னால் அது பொய்யே இல்லை. எந்த வீட்டுக்காரர் என்று சொல்லாமல் விட்டால் போதும். ஐயாதுரை தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு தொடையில் தட்டினார். பக்கத்து ஸீட்காரருக்கு வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"வீடு நல்ல வீடுதான் செல்லக்கனி. ஒரே ஒரு சங்கடம். வீட்டுக்காரருக்குப் பூனை ஆகாதாம்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "யாருக்கு?"

"வீட்டுக்காரருக்கு."

"கண்டிசனாச் சொல்லிட்டாராக்கும்?"

"கண்டிசன்னா அப்பேர்ப்பட்ட கண்டிசன். ஆளு ரொம்பக் கெடுபிடி. கோவக்காரரு. ஆனா ஞாயஸ்தரு" என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே அந்த வீட்டுக்காரர் மேல் ஒரு மரியாதை வந்தது.

"நீங்க எடுத்துச் சொல்லலையா?"

"சொல்லாம இருப்பனா? எனக்குள்ளயே வச்சுப் போராடிப் பாத்துட்டேன். அவரு அசையல."

செல்லக்கனி கீரையை ஒதுக்கி வைத்தாள். மடியில் படுத்திருந்த சில்லறையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியதைப் பார்த்து ஐயாதுரைக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் சபதம் சபதம்.

"வீட்டுக்காரர் பேச்சைத் தட்ட முடியுமா? சரி, குடுத்துருவோம். ஆனா மூணையும் பிரிக்கக் கூடாது. ஒரே வீடா இருக்கணும். மனசார வளக்குறவுகளா இருக்கணும். மார்க்கெட்டுல கொண்டு விட்டேன், மலையடிவாரத்துல விட்டேன்னு வந்து நின்னீக, பொறவு நான் மனுசியா இருக்க மாட்டேன்."

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஜெயித்துப் பழக்கமில்லாததால் வரவில்லை.

மறுநாளிலிருந்து பூனைக்கு வீடு தேடினார். நாய்க்குப் பேர்போன ஊரில் பூனைக்கு ஆள் தேடுவது லேசுப்பட்ட காரியமா? கம்பெனியில் கூட வேலை பார்த்த சின்னத்துரையிடம் கெஞ்சினார்.

"அண்ணாச்சி, நாய் இருந்தாச் சொல்லுங்க, இப்பவே வாரேன். பூனையைச் சங்கிலி போட்டு வாசல்ல கட்டுனா எவன் பயப்படுவான்?"

"எலி பயப்படும்லா?"

"எங்க வீட்டு எலியை எங்க நாயே புடிச்சிருது."

ஆடி முக்கால்வாசி போய்விட்டது. வாங்குவார் இல்லை. ஐயாதுரைக்குத் தூக்கம் கெட்டது. ஜமீனுக்குக் கெடவில்லை.

இதற்கிடையில் ஆடிப்பூரம் வந்தது. ஆண்டாள் தேர் பார்க்கப் போக வேண்டும் என்றாள் செல்லக்கனி. பக்கத்து வீட்டுக் குருவம்மாளோடு புறப்பட்டுப் போய், பொழுது சாய வந்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி.

"ஏங்க, ஆண்டாளே கண்ணத் தொறந்துட்டா. மூணுக்கும் வீடு அமைஞ்சிருச்சு!"

"எங்கட்டீ?"

"அங்கனயேதான், ஸ்ரீவில்லிபுத்தூர்ல. தேர்க் கூட்டத்துல காலு வலிச்சு, ஒரு வீட்ல தண்ணி கேட்டேன். அந்த வீட்டுக்காரம்மா அம்புட்டு நல்ல மனுசி. அவியளுக்கு வீட்டுக்காரர் தவறி ரொம்ப நாளாச்சு, தனியா இருக்காக. வீட்ல எலி வேற குதியாட்டம் போடுதாம். பூனைன்னதும், மூணையும் குடுத்துரு தாயின்னு கையப் புடிச்சுக்கிட்டாக."

"பால் கீல் ஊத்துவாகளா?"

"நல்லாக் கேட்டீக! பால்கோவா ஊருல பாலுக்கா பஞ்சம்?" என்று சொன்னவள், பெருமூச்சு விட்டாள். "எல்லா வீட்டுக்காரரும் நம்ம வீட்டுக்காரர் மாதிரியா இருப்பாக?"

ஐயாதுரை அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்.

கொண்டுபோய் விடும் வேலை அவர் தலையில் விழுந்தது. தன் கையால் கொடுக்க மனசு தாங்காது என்று அவள் சொல்லிவிட்டாள். பழைய சேலையை உள்ளே விரித்து, மூன்றையும் ஒரு சாக்கில் இறக்கினார்கள். சில்லறை சமர்த்தாகப் போனது. பட்டு யோசித்துப் போனது. ஜமீன் போகிற போக்கில் அவர் வலது கையில் முழங்கை வரைக்கும் கோடு போட்டுவிட்டுப் போனது. கம்பெனிச் சரக்கை முதல் முறையாகத் தன் மேலேயே சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

"சாக்குல என்ன?" என்றார் கண்டக்டர்.

"பஞ்சு."

சாக்கு மியாவ் என்றது.

"பஞ்சு ஏன் கத்துது?"

"நூலாகுறதுக்கு முன்னால கொஞ்சம் கத்தும்."

"வேய், சாக்குச் சொல்லாதீரும்!"

"சாக்குச் சொல்லல, சாக்குதான் சொல்லுது" என்றார் ஐயாதுரை. பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பால் கேன் மாட்டிய சைக்கிளோடு ஒரு ஆள் காத்து நின்றான். பெயர் சங்கிலிப்பாண்டி என்றான்.

"பேண்டேஜ் கம்பெனி அண்ணாச்சியா? வீட்டுக்காரம்மா வாங்கிட்டு வரச் சொன்னாக."

எந்த வீட்டுக்காரம்மா, எந்தத் தெரு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற நிலையில் அவர் இல்லை. சாக்கைக் கைமாற்றும்போது அதன் வாய் கொஞ்சம் விலகி, ஜமீனின் முகம் தெரிந்தது. அது அவரைப் பார்த்தது. கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. ஐயாதுரை சாக்கின் வாயை மெல்ல இழுத்து மூடினார். "பாத்துக் கொண்டு போப்பா, கடுவனுக்குப் பாலு ஆறியிருக்கணும்" என்றார். சூடான பால் அதற்குப் பிடிக்காது என்பது தனக்குத் தெரிந்திருக்கிறதே என்று அவருக்கே ஆச்சரியம்.

வீட்டுக்கு வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. உட்கார்ந்து பார்த்தார், சாய்ந்து பார்த்தார், எழுந்து நின்றுகொண்டார். நின்றால்தான் சௌகரியமாக இருந்தது. செல்லக்கனியோ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வாய்க்குள் பாட்டை முணுமுணுத்தபடி பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்ன கல் நெஞ்சம் இவளுக்கு என்று மனசுக்குள் திட்டினார்.

ஆவணி பிறந்தது. நல்ல நேரம் பார்த்து, குத்துவிளக்கும் பால் பாத்திரமுமாகப் புது வீட்டு வாசலில் போய் இறங்கினார்கள். சாமான் வண்டி பின்னால் வந்து நின்றது. சபதம் ஜெயித்த மிடுக்கோடு வலது காலைத் தூக்கி நிலைப்படிக்குள் வைக்கப் போனவர், தூக்கிய காலோடு அப்படியே நின்றார்.

நடுக்கூடத்தில் ஜமீன் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் பட்டு. பட்டுக்குப் பின்னால், வாலைத் துரத்திக்கொண்டு சில்லறை.

"கால வச்சு வாங்க தம்பி" என்று பின்கட்டிலிருந்து ஒரு பெரியம்மாள் வந்தார். "நான்தான் பரிபூரணம், வீட்டுக்குச் சொந்தக்காரி. உங்க பூனைக வந்த பொறவு எலின்னு ஒண்ணு இருந்துச்சான்னே மறந்து போச்சு. ரெண்டு கட்டுலயும் ராச்சியம் நடத்துதுக!"

ஐயாதுரை மனைவியைப் பார்த்தார்.

"குடிபோற வீட்டைக் கண்ணால பாக்க வேண்டாமா? தேர் அன்னைக்குத் தெருவை விசாரிச்சு வந்து பாத்தேன்" என்றாள் செல்லக்கனி அடக்கமாக.

விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. குரலை உயர்த்தினார். "அதெப்படிட்டீ? வீட்டுக்காரர்தான் பூனை ஆகாதுன்னு சொல்லியிருக்காருல்லா!"

பரிபூரணத்தம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"யாரு? எங்க வீட்டுக்காரவுகளா? உங்ககிட்டயா சொன்னாக?"

"இல்ல ஆச்சி, அது வந்து..."

"அவிய போயி ஒம்பது வருசமாச்சே தம்பி! என் கனவுல ஒரு நாள் வந்ததில்ல. உங்ககிட்ட வந்து பேசினாகளா? எப்படி இருந்தாக? மெலிஞ்சு போயிருந்தாகளா?" அந்தம்மாளின் கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது.

ஐயாதுரைக்கு வேர்த்துக் கொட்டியது. சாமான் இறக்க வந்தவர்கள் பீரோவைப் பாதியில் நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார்கள்.

"நல்லாச் சொல்லுங்க" என்றாள் செல்லக்கனி. "கோவக்காரரு, கெடுபிடி, ஞாயஸ்தருன்னீகளே. எந்த வீட்டுக்காரரு?"

"அவியளுக்குக் கோவமே வராதே! அதுவும் பூனைன்னா உசுர விடுவாகளே!" என்றார் பரிபூரணத்தம்மாள். "ஆகாதுன்னா சொன்னாக?"

இந்தப் பக்கம் சொன்னால் பொய்யன். அந்தப் பக்கம் சொன்னால் பேயன். கண்ணீரோடு நிற்கிற அந்த முகத்தைப் பார்த்து, அப்படி ஒருவர் வரவே இல்லை என்று சொல்லவும் அவருக்கு மனசு வரவில்லை.

"ஆகும்னுதான் சொன்னாரு ஆச்சி. எனக்குத்தான் சரியாக் காதுல விழல. மெலியல, நல்லா இருக்காரு."

"பூனையை என்ன செய்யச் சொன்னாக?"

செல்லக்கனி தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள்.

"கூடவே வச்சுப் பத்திரமாப் பாத்துக்கிடச் சொன்னாரு" என்றார் ஐயாதுரை. "கிட்டங்கிப் பக்கம் மட்டும் விட வேண்டாம்னாரு."

"அதுக்கென்ன? வீட்டுக்காரர் பேச்சைத் தட்ட முடியுமா?" என்று செல்லக்கனி அடுப்படிக்குப் போனாள்.

பால் பொங்கியது. சாமிக்கு வைத்த பிறகு மூன்று கிண்ணத்தில் ஆற்றி ஊற்றினார்கள். அதோடு பாத்திரம் காலி. அவருக்குக் காப்பி போடப் பால் இல்லை. உட்காரலாம் என்று திரும்பினால், வண்டியிலிருந்து இறக்கிய சாய்வு நாற்காலியில் ஜமீன் ஏறிச் சுருண்டிருந்தது. ஐயாதுரை கட்டுப் போட்ட கையால் அதன் தலையை யாரும் பார்க்காதபோது ஒரு தரம் தடவிவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டார். சௌகரியமாகத்தான் இருந்தது.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. சங்கிலிப்பாண்டி.

"பாலு எம்புட்டு வேணும்னு கேக்கணும். வீட்டுக்காரர் இருக்காகளா?"

உள்ளேயிருந்து செல்லக்கனி குரல் கொடுத்தாள்.

"வீட்டுக்காரவுக மூணு பேரும் இப்பத்தான் கண்ணசந்தாக. சத்தம் போடாம செத்த நில்லுங்க, இவுககிட்ட பாத்திரத்தைக் குடுத்து அனுப்புதேன்."