இடது கைக்குக் கட்டிய துடைப்பம்

துடைப்பத்தால் பெருக்குகிறவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர் பெருக்குவார், குப்பையை அள்ளுவார், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். நான் சொல்ல வந்தது துடைப்பத்தை ரசிக்கிறவரைப் பற்றி. கைத்தொழில் ரசிகர் என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. அதில் பானை ரசிகர் உண்டு, பாய் ரசிகர் உண்டு, கூடை ரசிகர் உண்டு. பானை ரசிகர் பானையில் தண்ணீராவது ஊற்றி வைப்பார், பாய் ரசிகர் பாயில் படுக்கவாவது செய்வார். தான் ரசிக்கிற பொருளை அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தக் காரியத்துக்கு ஒரு நாளும் தொடாமல், அதைப் பற்றிப் பேசியே காலம் தள்ள முடியும் என்று நிரூபித்தவர் துடைப்ப ரசிகர் ஒருவர்தான்.

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கையால் கட்டிய துடைப்பம் ஒன்று கண்ணில் பட்டால், நடந்துகொண்டிருப்பவர் நிற்பார், தலையைச் சாய்ப்பார், "அடடா" என்பார், கையில் எடுத்து எடை பார்ப்பார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், அப்புறம், சத்தியமாகச் சொல்கிறேன், முகர்ந்து பார்ப்பார். கடையில் நிற்கும் மற்றவர்கள் தரையில் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். இவர் மட்டும் தரைப் பக்கம் கொண்டுபோக மாட்டார். தரையில் அழுக்கு இருக்குமாம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் என் எதிர்வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். வாயைத் திறந்தால் மரபு, மரபு என்பதால் குடியிருப்புப் பிள்ளைகள் அவருக்கு மரபு மாமா என்று பெயர் வைத்தார்கள். இப்போது பெரியவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அவருக்கும் அதில் ஏக சந்தோஷம். ஆள் ஆறடி உயரம், இடது கைக்காரர். அதிலும் அவருக்குப் பெருமைதான். கலைமனம் உள்ளவர்களுக்கு இடது கை தானாகவே முந்திக்கொள்ளும் என்று எனக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் விளக்கியிருக்கிறார்.

அவர் வீட்டு வரவேற்பறையில், மற்றவர்கள் குடும்பப் படம் மாட்டும் சுவரில், பதினொரு துடைப்பங்கள் தொங்குகின்றன. புல் துடைப்பத்துக்கு ஒரு குணம் உண்டு. புதிதில் தூள் உதிரும். நாலு நாள் பெருக்கினால் நின்றுவிடும். பெருக்காமல் மாட்டி வைத்தால்? மின்விசிறிக் காற்றில் மாதக்கணக்கில் உதிரும். சோபாவில் உதிர்ந்தது, டீக் கோப்பையில் உதிர்ந்தது, வந்தவர்கள் தலையில் உதிர்ந்தது. சுவரில் இருக்கும் துடைப்பங்கள் போட்ட குப்பையைக் கூட்டுவதற்கு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் பன்னிரண்டாவதாக ஒரு துடைப்பம் வேண்டியிருந்தது. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், இதைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். மாமா உடனே நடவடிக்கை எடுத்தார். பதினொரு துடைப்பத்துக்கும் வார்னிஷ் அடித்துவிட்டார். வார்னிஷ் அடித்த துடைப்பத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நன்றாகப் பளபளக்கும், விறைப்பாக நிற்கும், பெருக்க மட்டும் வராது.

அக்காவுக்கு இரண்டு வருடமாக இடுப்பு வலி. ஒருநாள் நான் அங்கே உட்கார்ந்து அவர்கள் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு வந்தது.

"என்னங்க, கடையில நீளப் பிடி போட்ட துடைப்பம் விக்குது. ஒண்ணு வாங்கிக்கட்டுமா? குனிய முடியல."

"பிளாஸ்டிக் பிடியா? இந்த வீட்டுக்குள்ள கடைத் துடைப்பம் வராது. வெளிய நான் என்ன பேசிட்டிருக்கேன், வீட்டுக்குள்ள நீ என்ன கேக்கறே?"

"டாக்டரே குனியக் கூடாதுன்னுட்டாரு."

"குனிஞ்சு பெருக்கறது நம்ம மரபு கண்டுபிடிச்ச உடற்பயிற்சி. டாக்டருக்கு அதெல்லாம் எங்க தெரியப் போகுது?"

அக்கா உள்ளே போய்விட்டார். நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? டீ நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

இரண்டு தெரு தள்ளி, லாரி பழுது பார்க்கும் கொட்டகையை ஒட்டி, துடைப்பக்காரம்மாவின் பட்டறை. பட்டறை என்றால் ஒரு தகரக் கூரை, தண்ணீரில் ஊறும் புல் கட்டுகள், தரையில் அறைந்த ஓர் இரும்பு முளை. அந்த முளையில் சணலின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைப் பல்லில் கடித்து, புல்லைப் பிடிபிடியாகச் சேர்த்துச் சுற்றி, இரண்டு காலாலும் உதைத்து இறுக்குவார். நாளெல்லாம் சணல் வாயில் இருப்பதால் அவரால் பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மரபு மாமா அங்கே ஒரு முக்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார்.

"இந்தக் கலை அழிஞ்சிட்டிருக்கு இல்லையாம்மா?" என்று கேட்பார்.

"ம்" என்பார் அந்த அம்மா. ஆஸ்பத்திரிக்கு அறுபது, பள்ளிக்கூடத்துக்கு நாற்பது என்று கட்டிக் கொடுக்க வேண்டியது குவிந்து கிடக்க, நான் கால் நீட்ட வேண்டிய இடத்தில் இந்த மனிதர் முக்காலியைப் போட்டுக்கொண்டிருக்கிறாரே என்பது அந்த "ம்"முக்கு அர்த்தம். மாமா அதைத் தன் குறிப்பேட்டில் 'சொல்ல முடியாத துயரம்' என்று எழுதிக்கொள்வார்.

இப்படி ஏழெட்டு வருடம் ஒரு முழு வாக்கியம்கூடக் கேட்காமலே அந்த அம்மாவைப் பற்றி அவர் மூன்று கட்டுரை எழுதிவிட்டார். கடைசியில், எங்கள் குடியிருப்புச் சங்கக் கூடத்தில் ஒரு பாராட்டுக் கூட்டமும் வைத்துவிட்டார். மேடையில் இரண்டு மூங்கில் கழிக்கு நடுவே 'கைகள் பேசட்டும்' என்று துணிப் பதாகை. அதன் கீழே துடைப்பக்காரம்மா, ஈரச் சாக்கில் சுற்றிய புல் கட்டுகளோடு. மேடையில் ஆணி அடிக்கக் கூடாது என்று செயலாளர் சொல்லிவிட்டதால், சணலை மேசைக் காலில் கட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டார். ஊறிய புல் காய்வதற்குள் கட்டியாக வேண்டும். பாராட்டுக்காக அது காத்திருக்காது.

கைகள் பேச வேண்டிய கூட்டத்தில் மாமா ஐம்பது நிமிடம் பேசினார். விரல்களின் கவிதை என்றார். புல்லின் ஞாபகம் என்றார். கூட்டத்தில் யாரோ கொட்டாவி விட்டது ஒலிபெருக்கியிலேயே கேட்டது. அப்போதுதான் அவருக்கு அந்த ஆவேசம் வந்தது.

"நான் வெறும் பேச்சுக்காரன் இல்லை. இருபத்திரண்டு வருடமாக, தினமும் காலை ஆறரை மணிக்கு, இந்த அம்மா கட்டிய துடைப்பத்தால் என் வீட்டை நானே பெருக்குகிறேன். அது எனக்குத் தியானம்."

முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இருபத்திரண்டு வருடப் பயிற்சி.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் ரசிகர் என்பவர் சாட்சியில்லாமல் பேசுவாரா? பையிலிருந்து, அன்று காலை சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து தூக்கி வந்த பன்னிரண்டாவது துடைப்பத்தை எடுத்தார். இடது கையில் ஒலிவாங்கி மாதிரி உயர்த்திப் பிடித்தார். "பாருங்கள், இந்தத் தேய்மானத்தின் அழகை. இதில் ஒரு வாழ்க்கையே எழுதியிருக்கிறது" என்றார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் அன்று அவர் சொன்னதில் உண்மை.

துடைப்பக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். கையை நீட்டினார். மாமா பெருமையோடு கொடுத்தார். அந்த அம்மா வாயிலிருந்து சணலை எடுத்துக் கீழே வைத்தார். அவர் பற்களை அன்றுதான் நாங்கள் முழுதாகப் பார்த்தோம்.

"இத யாரு பெருக்குனது?"

"நான்தாம்மா. இப்பதானே சொன்னேன்."

"நீங்க இடது கைக்காரரு. இது வலது கைத் தேய்மானம். நுனி எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு பாருங்க." விரலால் பிடியைத் தடவினார். "உங்க தோளுக்குக் கீழதான் இருப்பாங்க அவங்க. முதல்ல இங்க, கீழ பிடிச்சுப் பெருக்கியிருக்காங்க, சணல் கறுத்திருக்கு. அப்புறம் குனிய முடியல. ஒரு சாண் மேல பிடிச்சிருக்காங்க. அப்புறம் அதுக்கும் மேல. இப்ப கடைசி நுனியில ரெண்டு விரலால தொங்கிட்டிருக்காங்க. இதுக்கு மேல பிடிக்க இடமில்ல, சார்."

அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருட வலியை ஒரு துடைப்பம் வரிசையாக எழுதி வைத்திருக்கிறது; தினம் அந்த வீட்டில் டீ குடித்த எனக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் மேடையை விட்டு இறங்கியிருப்பார்கள். ரசிகர் இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. மாமா ஒரு கணம் விழித்தார், அடுத்த கணம் முகம் மலர்ந்தார். "கேட்டீர்களா, கேட்டீர்களா? இதைத்தான் மரபு அறிவு என்கிறேன். கைதட்டுங்கள்" என்றார். தன் குட்டு உடைந்ததற்குத் தானே கைதட்டல் வாங்கிய மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாங்களும் தட்டினோம்.

துடைப்பக்காரம்மா தட்டவில்லை. "தெனமும் நீங்கதான் பெருக்கறதா இத்தன பேர் முன்னால சொல்லிட்டீங்க. உங்க கைக்கு ஒண்ணு கட்டித் தரேன். நேரா நில்லுங்க" என்றார். சணலால் தரையிலிருந்து அவர் நெஞ்சு வரைக்கும் அளந்தார், இடது உள்ளங்கையைச் சுற்றி அளந்தார், சுற்றிலும் ஒரு கழியைத் தேடினார், பதாகையின் ஒரு மூங்கிலை உருவிக்கொண்டார். 'கைகள்' மட்டும் மேலே நின்றது, 'பேசட்டும்' தரைக்குப் போனது.

அரை மணி நேரத்தில் துடைப்பம் தயாரானது. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்கென்றே கட்டிய துடைப்பம். மனதுக்குள் சுவரில் இடம்கூடப் பார்த்துவிட்டிருப்பார். அதற்குள் அந்த அம்மா கத்தியை எடுத்து, "இது இனிமே ஆகாது" என்று பழைய துடைப்பத்தின் கட்டை அறுத்து, புல்லைச் சாக்கில் போட்டுக்கொண்டார். பிறகு முன்வரிசையைப் பார்த்தார்.

"அம்மா, உங்க அளவையும் எடுக்கட்டுமா? நீளப் பிடி போட்டே கட்டித் தரேன்."

அக்கா யோசித்தார். இரண்டு வருடமாக அவர் கேட்டுவந்தது அதுதான். கணவரைப் பார்த்தார், அவர் கையில் நெஞ்சளவு நின்ற துடைப்பத்தைப் பார்த்தார்.

"வேண்டாங்கம்மா. ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும்."

மறுநாள் காலை ஆறரை மணிக்கு நாங்கள் நாலு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். தியானத்தைப் பார்க்கத்தான். வேறு வழியே இல்லை அவருக்கு. சுவரில் இருப்பவை வார்னிஷ். கடைத் துடைப்பம் உள்ளே வரக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். புதியது அக்காவின் தலையைத் தொடும் உயரம். அந்த அம்மா கட்டுகிற துடைப்பத்துக்கு வயிறும் முதுகும் உண்டு, தரையில் பட வேண்டியது வயிற்றுப் பக்கம்தான் என்பதால் கை மாற்றித் திருப்பிப் பிடித்தால் புல் மடங்கிக்கொள்ளும். அக்கா எங்கள் முன்னாலேயே பிடித்துக் காட்டினார். "எனக்கு ஒத்து வரலைங்க. உங்க கைக்குக் கட்டினதாச்சே."

மாமா பெருக்கினார். மின்விசிறியை நிறுத்தாமல் பெருக்கினார். வாசலிலிருந்து வீட்டுக்குள்ளே பெருக்கிக்கொண்டு போனார். சேர்த்த குப்பையின் மேலேயே நின்றுகொண்டு குப்பையைத் தேடினார். அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, துடைப்பம் பக்கத்தில் வரும்போது மட்டும் காலைத் தூக்கினார்.

"அந்த மூலை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சோபாவுக்கு அடியில."

மூன்று மாதம் ஆகிறது. அக்கா இப்போது கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறுகிறார். மாமா திருந்தினாரா என்றால், இல்லை. 'துடைப்பமும் நானும்' என்று தலைப்பிட்டு அடுத்த கட்டுரையை ஆரம்பித்திருக்கிறார். ஆனால் ஆறரைக்குப் பெருக்கிவிட்டுத்தான் எழுத உட்காருகிறார். இடது பக்கமாகத் தேய ஆரம்பித்திருக்கிறது.

இவ்வளவு நேரம் சிரித்தீர்கள் அல்லவா? இந்த இனம் உங்கள் எதிர்வீட்டில்தான் இருக்கும் என்று உறுதியாகவும் இருக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டுத் துடைப்பத்தைப் போய் எடுத்துப் பாருங்கள். எந்தக் கைக்குச் சாய்ந்திருக்கிறது, பிடி எந்த உயரத்தில் கறுத்திருக்கிறது, அது யாருடைய உயரம்? அவசரமில்லை, மெதுவாகப் பாருங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாரையும் கேட்கக் கூடாது.

நான் கேட்டுத்தான் எடுத்தேன்.