தொண்டை கட்டிய தெரபிஸ்ட்

அன்று காலை ஸ்பீச் தெரபிஸ்டுக்கே பேச்சு வரவில்லை.

முந்தின நாள் நாத்தனாரோடு போனில் வாதாடி ஜெயித்ததற்குக் கிடைத்த பரிசு அது. முணுமுணுக்கக்கூடக் கூடாதென்று டாக்டர் கண்டித்துவிட்டார். தொண்டையைப் பாழாக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள், வெந்நீர் பாட்டிலும் கையுமாகக் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தாள்.

லீவு போட முடியாது. வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பார்க்க, தலைமை அலுவலகத்து டைரக்டர் எந்த நேரமும் வரலாம். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. அவளுடைய பயிற்சிப் பதிவுகளைக் கேட்டுவிட்டுப் போனில் ஒரே ஒரு குறைதான் சொன்னார்.

"திக்குறவங்க ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள மீதிய நீங்களே சொல்லி முடிச்சிடுறீங்கம்மா. ஒரு நாளாவது பேசாம இருந்து பாருங்க."

அவளும் முயற்சி செய்தாள். வாய்தான் கேட்கவில்லை.

பயிற்சிக்கு முதலில் வந்தவர் திக்கிப் பேசும் ஒரு லிஃப்ட் மெக்கானிக். முன்பின் தெரியாதவர்களிடம் வாயே திறக்க மாட்டார். போன் வந்தால்கூட மனைவிதான் பேசுவாள். தெரபிஸ்ட் பலகையில் எழுதினாள்: 'இன்று எனக்குக் குரல் இல்லை. நான் சொல்வதையெல்லாம் நீங்களே சொல்லிப் பயிற்சி செய்யுங்கள்.'

பலகை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் நாற்காலியை மாற்றிக்கொண்டார்கள்; அவள் நாற்காலியில் இப்போது அவர். அந்த அவசரத்தில் வெந்நீர் அவள் வெள்ளைக் கோட்டில் கொட்டியது. அதைக் கழற்றி அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே காயப்போட்டாள். அடுத்த பயிற்சியை எழுதுவதற்காகப் பலகையையும் அழித்தாள்.

"மூ... மூச்சை மெதுவா விடுங்க" என்றார் மெக்கானிக். அவள் விட்டாள்.

கதவு திறந்தது.

"நான்தான் டைரக்டர்" என்றவர், மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்தம்மாவுக்கு எத்தனை நாளா பேச்சு வரல?"

"நா... நா..."

"அட! நோயாளியோட கூச்சம் போகணும்னு வேணும்னே திக்கிக் காட்டுறீங்களா? பிரமாதம்!"

அவள் பதறி எழுந்து கைகளை ஆட்டினாள்.

"பயப்படாதீங்கம்மா. சீக்கிரமே பேசிடுவீங்க."

அவள் தொண்டையிலிருந்து 'க்ர்ர்' என்று ஏதோ வந்தது.

"பாத்தீங்களா, சத்தம் வருது!"

அவள் கோட்டைக் காட்டினாள். டைரக்டர் அதை எடுத்து மெக்கானிக்குக்கே மாட்டிவிட்டார். "கோட்டில்லாம இருக்கீங்கன்னு நோயாளியே சொல்றாங்க பாருங்க. சரி, வேலை நிரந்தரம். உங்களுக்குத்தான்!"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் மெக்கானிக் முகம் சிவக்க எழுந்தார்.

"இ... இ... இவங்க..."

பழக்கதோஷம், மீதியைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. டைரக்டரும் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார்.

"இவங்கதான் மே... மேடம்! நா... நான் லிஃப்ட் மெ... மெக்கானிக்! வே... வேலைய அவங்களுக்குக் கு... குடுங்க!"

முழுசாகச் சொல்லி முடித்துவிட்டார்.

"அப்படியா? அவங்களுக்கே குடுத்துட்டாப் போச்சு" என்று சிரித்தபடியே டைரக்டர் கிளம்பிப் போனார்.

மெக்கானிக்குக்கு ஆத்திரம் தீரவில்லை. கோட்டோடு வரவேற்பறைக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம் பொரிந்து தள்ளினார். "யா... யாரு என்னன்னுகூடத் தெ... தெரியாம ஒரு டைரக்டரா?"

"தெரியாமலா?" என்றாள் அவள். "மேடத்துக்குக் குரல் போயிடுச்சுன்னு காலையிலயே நான் அவருக்குப் போன்ல சொல்லிட்டேன் சார். 'அப்போ இன்னிக்குத்தான் வரணும்'னு ஓடி வந்தாரு!"