பாயிஸாவின் பெயரில் ஒரு பூட்டு

அலவத்துகொட,
09.08.2025

அன்பு மருமகன் ஹுதைபா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் மனைவி ஸனாவும் சுகம். என் வலது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கத்தார் வெயிலில் நீங்கள் நலமாயிருக்க துஆச் செய்கிறேன்.

உங்கள் கலியாணம் முடிந்த கையோடு, "மாமா, இதுல போட்டா ஒத்தருக்கும் எடுக்க ஏலா" என்று என் கணினிக்குள் ஒரு பெட்டி செய்து பூட்டுப் போட்டுத் தந்தீர்களே, அது மெய்தான். உங்கள் கலியாண விருந்தில் உங்கள் மாமி பாயிஸா பேசிய ஒரேயொரு பதிவு அதற்குள் இருக்கிறது. அவள் வபாத்தாகி இரண்டு வருஷம். போன மாதம் ஒருநாள் அவளுடைய குரலை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. பயந்துபோய்ப் பெட்டியைத் திறக்கப் போனால், அது கடவுச்சொல் கேட்டது. நான் போட்ட சொல்தான், நினைவில்லை. கண்டி டவுனில் கணினி திருத்தும் நிரோஷினியிடம் ஓடினேன். "இத செஞ்ச கம்பனிய மூடிட்டாங்க சேர். வேற எதுலயும் இந்த ஃபைல் தெறக்காது. ஒலகத்துல இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் சேந்து கோடி வருஷம் தேடினாலும் முடியாது" என்றாள். சுப்ஹானல்லாஹ்! முதலாளி போய்விட்டான், கந்தோர் போய்விட்டது, காவல்காரன் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறான்! காணிப் பதிவகத்தில் முப்பத்தொரு வருஷம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். நூறு வருஷத்துக் காணி உறுதிப் பத்திரத்தையும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்துவிடுவேன். இந்தப் பதினொரு வருஷத்துப் பெட்டிக்கு முன்னால் வாயைப் பிளந்து நின்றேன்.

நல்ல காலம், அந்தப் பூட்டோடு நீங்கள் தந்த மென்பொருள் சீடி அலுமாரியில் கிடந்தது. நிரோஷினி அதை ஒரு பழைய மடிக்கணினியில் ஏற்றித் தந்தாள். என் கணினியில் வராத, நான் அன்று எழுதிய குறிப்பு அதில் தெரிந்தது: 'மனைவியைக் கூப்பிடும் பெயர்.' இவ்வளவுதானா என்று சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. ஆங்கிலத்தில் அவள் பெயர் பிறப்புச் சான்றிதழில் எஃப், அடையாள அட்டையில் பி, கடவுச்சீட்டில் இரண்டு ஈ, கலியாணப் பதிவில் 'பைசா'. எல்லாம் அடித்தோம். மூன்று தடவை பிழையாக அடித்தால் அரை மணி நேரம் முகம் கொடுக்காது. நான்காம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு களைத்துக் கதிரையில் சாய்ந்தவன், என்னையறியாமல் குசினிப் பக்கம் திரும்பி, "ஸனாட உம்மா, ஒரு பிளேன்ட்டி" என்று தேநீருக்குக் குரல் கொடுத்துவிட்டேன்.

ஸனா என்னையே பார்த்தாள். "வாப்பா, நீங்க எண்டைக்காவது உம்மாவ பேர் சொல்லிக் கூப்பிட்டீக்கிறீங்களா?"

ஒருநாளும் இல்லை. 'ஸனாட உம்மா' என்று அடித்தாள். திறந்தது.

அவள் பேசினாள், மகன். "படம் புடிச்சது போதும், அந்தச் சஹன் தட்டுக்கு எறச்சி காணா, போய்ப் பாருங்க!" எட்டு விநாடி. நாற்பது தடவை கேட்டோம். நான் அழுதேன், மறைக்கவில்லை. என் வாயில் இருந்த சொல்லை எனக்கே தராமல் இத்தனை வருஷம் காத்த அந்தப் பூட்டை நினைத்தால் இன்னும் புல்லரிக்கிறது.

உங்கள் ஆயுளிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
மாமா ஜவாஹிர்

பி.கு.: இக்கடிதம் தபாலில் சேர ஒரு வாரம் பிந்திவிட்டது. குசினி வரை கேட்ட கடவுச்சொல் பாதுகாப்பில்லை என்று அன்றே மாற்றினேன். புதிய குறிப்பு: 'மருமகனைக் கூப்பிடும் பெயர்.' 'மகன்' என்பதைக் கே, ஜி, எச் மூன்றிலும் அடித்தாயிற்று. நீங்கள் இல்லாதபோது சொல்வதையும் அடித்தேன். ஸனா கோபித்துக்கொண்டாள், பெட்டி திறக்கவில்லை. நான் உங்களை எப்படிக் கூப்பிடுவேன் என்று உடனே எழுதுங்கள். போனில் வேண்டாம், யாராவது கேட்டுவிடுவார்கள். தாமதிக்கவும் வேண்டாம், உங்கள் மாமி உள்ளே இருக்கிறார்.