மேற்குச் சுவரிலிருந்து மூன்றடி இரண்டங்குலம்

பதுளை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை கிஷாந்தனுக்கு,

மாதாவின் தயவால் இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். நீங்களும் ஜெயந்தினியும் முழங்கால் உட்பட சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனிலேயே சொல்லியிருப்பேன், உங்கள் மனைவி அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சிரிப்பாள். பெற்றவனுக்குத் தெரியாதா?

விஷயம் இதுதான். எங்கள் லேத் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்ததும், தேயிலைக் கொழுந்து வாட்டும் காற்றாடியின் மோட்டாரைத் தாங்குகிற பிராக்கெட்டை அதில் ஒரே தடவை வரைந்து மூன்று ஃபெக்டரிக்கும் பொருத்திக் காட்டுகிறவருக்கே கம்ப்யூட்டர் முன்னாலுள்ள நாற்காலி என்று றஹீம் முதலாளி சொல்லிவிட்டார். எனக்குப் போட்டி, ஆறு மாதம் முன்பு பட்டறையில் சேர்ந்த விதுஷா. தோற்றால் நான் பழையபடி நாள் முழுக்க லேத்தடியில் நிற்க வேண்டும், முழங்கால் விடைபெற்றுக்கொள்ளும். நீங்கள் கொழும்பிலிருந்து லீவில் வந்தபோது, கம்ப்யூட்டர் படத்தில் அளவெல்லாம் தொடங்குகிற அந்த ஆதாரத் தளத்தைப் பற்றி, "மாமா, அதைச் சாமானின்ர நடுவில வையுங்கோ, பிறகு எங்க கொண்டுபோனாலும் பொருந்தும்" என்று சொன்னீர்கள். கோபிக்க வேண்டாம், உங்கள் யாழ்ப்பாணத்தில் தரை சமம், அங்கே நடு என்று ஒன்று இருக்கலாம். அப்புத்தளை ஃபெக்டரியில் தரையே பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கிறது. நாற்பது வருஷம் அங்கே ஃபிட்டராக இருந்த நான் எதையும் மேற்குச் சுவரிலிருந்துதான் அளந்தேன். வெள்ளைக்காரன் கட்டிய கருங்கல் சுவர். துரை மாறுவார், கிளாக்கர் மாறுவார், சுவர் மாறாது. ஆகவே பிராக்கெட்டையும் அந்தச் சுவரிலிருந்து மூன்றடி இரண்டங்குலத்தில் வரைந்தேன். அப்புத்தளைக்கு அச்சாகப் பொருந்தியது. வெலிமடை ஃபெக்டரிப் படத்துக்குள் அதையே கொண்டுபோனால் கட்டடத்துக்கு வெளியே போய் நிற்கிறது, நிஜத்தில் என்றால் யாரோ ஒருவருடைய லீக்ஸ் பாத்திக்கு மேலே. இடப்பக்கத்துக்குத் திருப்பினேன், துரை பங்களாப் பக்கம் ஓடிவிட்டது. சரியென்று படத்தில் சுவரை ஓரங்குலம் நகர்த்தினால் ஒழுங்காக இருந்த அப்புத்தளையும் சேர்ந்து நகர்கிறது. பின்னால் நின்ற விதுஷா, "அங்கிள், பிராக்கெட்டுக்கு எந்தச் செவரும் தெரியாது. அதோட நடுவு மட்டுந்தான் தெரியும்" என்றாள். நான் சுவரை இன்னும் ஓரங்குலம் நகர்த்தினேன்.

வெள்ளிக்கிழமை முதலாளி பார்க்கப்போகிறார். அதற்கு முன் அவருக்குப் போன் எடுத்து, உங்கள் கொழும்பு எஞ்சினியர் இங்கிலீஷில், பிராக்கெட் சரி, மற்ற ஃபெக்டரிகளின் சுவர்கள்தான் தவறான இடத்தில் இருக்கின்றன என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்.

ஆண்டவர் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல மூட்டுகளும் தந்து காக்கட்டும்.

அன்பு மாமா,
மாணிக்கராஜ்

பி.கு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில், அப்புத்தளையில் இப்போது ஃபிட்டராக இருக்கும் சுபாஸ் போன் எடுத்தான். "அண்ணே, ஃபெக்டரிய பெருசாக்க மேக்குச் செவர நேத்து ஒடச்சிட்டாங்க. ஒங்க பிராக்கெட்ட இனி எதுலருந்து அளக்குறது?" என்று கேட்டான். உறையை ஒட்டாமல் இதை எழுதுகிறேன். முதலாளிக்குப் போன் வேண்டாம். அந்த நடுவை எப்படி வைப்பது என்று மட்டும் மெதுவாக, ஒவ்வொன்றாக எழுதி அனுப்புங்கள். விதுஷாவைக் கேட்டால் இப்போதே செய்து காட்டுவாள்தான். அதற்கு நான் நாற்காலியை விட்டு எழும்ப வேண்டும்.