நெஞ்சைக் கொடுத்த தொண்டர்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிதல்ல. அதன் புகையை அளக்கக் கற்றுக்கொண்டதே பெரிது. அந்த மகத்தான பணிக்குக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் குறுகிய ஒழுங்கையிலிருந்து நெஞ்சைக் கொடுத்தவர் என் கணவர் அழகுமுத்து.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய பற்றரி உருக்கி ஈயம் எடுக்கும் பட்டறை. அதன் புகை வாடகையில்லாமல் எங்களோடு குடியிருந்தது. காற்று கெட்டது என்று ஆய்வில் தெரிந்தால் பட்டறையை மூடிவிடுவார்கள் என்றார் ஆய்வு நிலையத்துச் சுபோதினி மிஸ். இருமலுக்கு நடுவே இவர் ஆய்வில் சேரச் சம்மதித்தார். காற்றை அளக்க, சவர்க்காரக்கட்டியளவில் ஒரு கருவியை இவர் கழுத்தில் தொங்கவிட்டார்கள். அன்றிலிருந்து இவர் "தொண்டர்".

எங்கள் வீட்டில் விலையுள்ள எதுவும் உறையில்லாமல் இருந்ததில்லை. டீவி ரிமோட்டுக்கு உறை, கதிரைக்கு உறை. படித்தவர்கள் நம்பித் தந்த சாமானை மட்டும் அம்மணமாக விடலாமா? இவர் அதைத் தடித்த பொலித்தீனில் போட்டு, வாயை லாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டினார்.

முதற்கட்டம் அளந்து முடியும் சமயத்தில்தான் மிஸ் பார்க்க வந்தார்.

"என்ன அண்ணை இது?"

"தூசி படாம வச்சிருக்கேன் மிஸ்."

"தூசி படத்தானே தந்தனாங்கள்!"

"ஐயோ! அப்ப கழட்டிர்றேன்."

"கழட்டாதேங்கோ! இவ்வளவு நாளும் உறையோட அளந்திட்டு இப்ப கழட்டினா தரவெல்லாம் குழம்பிடும். முதல் அறிக்கையும் மேலிடத்துக்குப் போயிட்டுது."

"காத்து நல்லாருக்குன்னு வந்துருமே மிஸ். பட்டறைய மூட மாட்டாங்களே. எனக்கு நாலு படி ஏற முடியல."

"உங்களை நாங்கள் அளக்கேல்லை அண்ணை. காற்றைத்தான் அளக்கிறம்."

அறிவியல் என்றால் இந்தத் தெளிவு வேண்டும்.

வெள்ளவத்தையில், குளிரூட்டிய மண்டபமொன்றில் முதற்கட்ட முடிவை வெளியிட்டார்கள். ரோல்ஸ், பட்டிஸ், "நிலைபேறான அபிவிருத்தி" எல்லாம் தாராளமாகப் பரிமாறப்பட்டன. கொழும்பிலேயே தூய காற்று எங்கள் ஒழுங்கையில்தானாம்! பட்டறை முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். இன்னோர் உலை போட அவருக்கு அங்கேயே அனுமதி கிடைத்தது. இவர் ஏதோ சொல்ல எழுந்தார், இருமல்தான் வந்தது. "தொண்டர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்" என்று ஒலிவாங்கியில் அறிவித்தார்கள். மண்டபமே நெகிழ்ந்தது.

இரண்டாம் கட்ட ஆய்வுக்குக் கருவி கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்க, புது உலை எரியத் தொடங்கிய மாதம் இவர் போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு மிஸ் வந்தார். உண்மையாகவே அழுதார்.

"இவர் செத்தத அறிக்கையில போடுவீங்களா மிஸ்?" என்று கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இறந்த ஆக்களுக்கெண்டு எங்களிட்டைப் பிரிவு இல்லை அக்கா. 'இடைநடுவில் தாமாக விலகியவர்' எண்டுதான் போடுவம்."

ஆகவே, அன்பர்களே, கூப்பிட்டால் தயங்காமல் சேருங்கள். அவ்வளவு பாதுகாப்பான ஆய்வு அது. செத்தவர் என்று அதில் ஒருவருமில்லை.

அதனால், கொன்றவரும் இல்லை.